செங்கல் நிறம் வரும் வரை

முதல் வரைவைக் கொண்டுபோன நாள் திங்கட்கிழமை.
காரைக்குடிச் சந்தைக் கூட்டத்தில் பேருந்து நகரவில்லை.
மடியில் இருநூற்றுப் பதினான்கு பக்கம்,
அதன்மேல் யாரோ வைத்த கீரைப் பை.
இறங்கும்போது
ஈரம் முதல் இயலைத் தாண்டியிருந்தது.

சோலைமலை சார் பச்சை மையில்தான் திருத்துவார்.
பதினேழு நாள் கழித்துத் திரும்பி வந்தது.
மேல்தாளில் ஒரே வரி: பார்க்க, பக்கம் 61.
அறுபத்தொன்றில் அடைக்கம்மாள் இருந்தாள்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஊருணி.
குடத்தை இடுப்பில் இருத்தியபடி சொன்னாள்:
"மாசி போனா தண்ணி பேச்சு மாறும் தாயி.
பங்குனியில வந்து அள்ளு.
நாக்குல வச்சதும் தெரியும்."
அதை நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.
எழுதும்போதே பாதிச் சுவை போய்விட்டது.
மீதியின் குறுக்கே பச்சைக் கோடு:
நாக்கு ஒரு கருவி அல்ல.

சரிதான்.
நாக்குக்கு அளவுச் சான்றிதழ் யார் தருவார்கள்?
எடுத்துவிட்டேன்.
அவள் நின்ற இடத்தில் ஓர் அட்டவணை வந்து உட்கார்ந்தது:
ஒன்பது ஊருணி, ஆறு மாதம், குளோரைடு.

இரண்டாம் வரைவில் காற்புள்ளிகள்.
மூன்றாவதில்
நான் "ஆகவே" என்ற இடத்திலெல்லாம் ஓரத்தில் "எதனால்?"
நான்காவதைக் குழு பார்த்தது.
ஒருவர் தலைப்பைச் சுருக்கச் சொன்னார்.
ஒருவர் நீட்டச் சொன்னார்.
மூன்றாமவர் தேன்குழல் எந்தக் கடை என்றார்.
ஒப்புமைச் சோதனை பதினொரு விழுக்காடு காட்டியது.
யாரிடம் திருடினேன் என்று பார்த்தால்
மூன்று வருடம் முன்பு நானே எழுதிய கட்டுரை.
என்னிடமிருந்து என்னை எடுத்து
வேறு சொற்களில் வைத்தேன்.

பகலில் புதுவயல் கல்லூரி, ஆய்வகம்.
பியூரெட் திருகைப் பிடித்த பிள்ளைகளிடம்
"சொட்டுச் சொட்டா விடு,
மஞ்சள் போய்ச் செங்கல் நிறம் தட்டினதும் நிறுத்து,
ஒரு சொட்டு கூடினாலும் கணக்குத் தப்பு" என்பேன்.
இரவில் அதே கை,
வெள்ளி நைட்ரேட் பட்டுக் கறுத்த விரல்,
ஒரு பத்தியை மேலே தூக்கி, கீழே இறக்கி,
மறுபடி மேலே.
எந்தச் சொல்லில் நிறம் மாறும் என்று
எவரும் சொல்லித் தரவில்லை.
"முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்பதை
மகன் எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டான்.

சமர்ப்பித்து ஏழு மாதம் ஒன்றுமில்லை.
பிறகு வெளிநாட்டிலிருந்து அறிக்கை, ஒன்றரைப் பக்கம்.
இரண்டு வரி பாராட்டு. மூன்றாவது ஒரு கேள்வி:
எட்டு ஊருணிகளில் மாதம் ஒருமுறை நீர் எடுத்தவர்
இந்த ஒன்றில் மட்டும்
மார்ச் பாதியிலிருந்து வாரந்தோறும் எடுத்தது எதனால்?

எதனால்.
அட்டவணையைப் பார்த்தேன். அதற்குத் தெரியவில்லை.
பழைய கோப்புகளைத் திறந்துகொண்டே போனேன்.
ஒன்பது வரைவுக்கு அடியில்
இறக்கி வைக்காத குடத்தோடு
அப்படியே நின்றிருந்தாள்.

சோலைமலை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார், மறுபடி துடைத்தார்.
"நான்தானே அடிச்சேன்" என்றார்.
பிறகு பச்சையில், சின்ன எழுத்தில்:
சேர்க்கவும், அடிக்குறிப்பாக.
"இயலுக்குள்ளயே வச்சுக்கறேன் சார்."
ஆறு வருடத்தில்
நான் ஏற்காத முதல் திருத்தம் அது.
மின்விசிறி கொஞ்ச நேரம் பேசியது.
"பேரைச் சரியா எழுதுங்க மெஹர்.
ரெண்டு கே. ரெண்டு எம்."

செக்காலையில் பைண்டிங் கடை.
அட்டை என்ன நிறம் என்றார் லூர்துசாமி அண்ணன்.
செங்கல் நிறம் இருக்கா?
"மெரூன்தான். அதைத்தான் ஆபீஸ்ல வாங்குவாங்க."
சரி என்றேன்.
ஐந்து படி. காய நாளை ஆகும்.
அவர் தூரிகை தேடும் நேரம்
சும்மா ஒரு கட்டைப் புரட்டினேன்.
இப்போது அவள் பக்கம் 64.

ஒரு எம் குறைகிறது.

"அண்ணே,
பசை தொட்டுட்டீங்களா?"