பற்று வரவு

வூமாரின் கடையில்
ரயரின் விலையைக் கேட்க முன்னம்
பெருவிரல் நகத்தை அதில் ஊன்றிப் பார்க்க வேண்டும்.
பள்ளம் சோம்பேறித்தனமாய் எழும்பி வந்தால் மென்ரப்பர்.
சட்டென்று நிமிர்ந்தால் வன்ரப்பர்.
இதுவும் எண்பத்தொன்பது பிராங்க், அதுவும் எண்பத்தொன்பது.

நான் பிராங்கில் எண்ணுவதில்லை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
கட்டில்விரிப்பு மடிக்கும் நேரத்தில் எண்ணுகிறவள்.
ஒரு ரயர், ஏறக்குறைய நாலு மணித்தியாலம்.
மென்மையானது எட்டு ஞாயிறு தாங்கும்.
வன்மையானது இரண்டு கோடை.
அதனால் போன வைகாசியில்
இரண்டு சில்லுக்கும் வன்மையே வாங்கினேன்.
கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதிப்பேர் பீல் என்றும்
மீதிப்பேர் பியென் என்றும் கூப்பிடும் இந்த ஊரில்
மலைரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு
எட்டு நிமிஷத்தில் மாக்லிங்கன் போய்விடலாம்.
இறங்குவதுதான் கதை.
மழை குடித்த சுண்ணாம்புக்கல் சவர்க்காரம்.
அதன்மேல் பீச் இலை.
இலைக்கு அடியில், குறுக்கே படுத்திருக்கும் வேர்.

பின்சில்லு வழுக்கினால்
சொல்லிவிட்டு வழுக்கும்.
இடுப்பில் ஒரு சின்னத் தட்டு, பிறகு இழுவை,
யோசிக்க அவகாசம்கூடத் தரும்.
முன்சில்லு சொல்லாது.

ஏழாவது வளைவு.
வானம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை.
காறை எலும்பு இரண்டு துண்டு.
ஆறு கிழமை ஒரு தலையணையுறைகூட மடிக்கவில்லை.
சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைக்
கட்டிலில் கிடந்தபடி பார்த்தேன்:
ரயரில் ஒரு கீறல் கிடையாது.
கடைக்காரி சொன்னபடியே
நீடித்து உழைத்திருந்தது அது.
தேய்ந்தது நான்.

யானிக் சேற்று ரயர் போடு என்றான்,
ஆணி ஆணியாய் நீண்ட பல் வைத்தது.
அகல உழுவதைவிட ஆழ உழு, என்று
எங்களிடமும் ஒரு பழமொழி உண்டென்றேன்.
யார் உழப் போவது, என்று சிரித்தான்.
அவன் சிரித்ததும் சரி.
சேற்றில் ஊன்றும் நீளப் பல்
கல்லில் மடிந்து படுத்துவிடும்.
இந்த மலையில் சேறு பத்தடி, கல் நூறடி.

பிறகு பக்கச்சுவர்.
மெல்லிய சுவர் ஏறும்போது இனிக்கும்;
கல்விளிம்பு ஒருமுறை உரசினால்
வெள்ளைப் பால் கக்கிக்கொண்டு சாகும்.
இரண்டு கிலோமீற்றர், சைக்கிளை உருட்டியபடி,
மழையில், எனக்குத் தெரியும் அந்த நடை.
ரயில்தானே ஏற்றுகிறது, பாரம் இருக்கட்டும்.
இரட்டைத் தோல்.

வூமார் பற்றுச்சீட்டு எழுதும்போது சொன்னேன்:
எங்கள் பாஷையில் பிடிப்புக்குப் பேர் பற்று.
கொப்பியில் கழியும் காசுக்கும் பேர் பற்று.
மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு
திருப்பிச் சொல் என்றாள்.
பத்து, என்றாள்.
அது வேறு கணக்கு என்றேன்.

முன்னுக்கு மென்மை.
கட்டைகளின் விளிம்பு பிய்யத் தொடங்கும் நாளில்
கேள்வி கேட்காமல் கழற்றிவிடுவது.
காற்று ஒன்று தசம் ஆறு;
ஒன்று தசம் ஐந்தில் வளைவில் நெளிகிறது,
எட்டில் கல்லெல்லாம் கைக்கு வருகிறது.
பயத்தில் இறுக்கிய பிறேக்கும்
ரப்பரைத் தின்னும். அதை யாரும்
அட்டையில் அச்சடிப்பதில்லை.

குற்றம் எதுவும் செய்யாத அந்தப் பழசைப்
பின்னுக்கே விட்டுவைத்தேன்.
இன்னும் ஒரு கோடை இருக்கிறது அதனிடம்.
இருக்கட்டும்.
வழுக்குவதானால் வழுக்கட்டும்,
சொல்லிவிட்டு.