கடியின் ஆழம்

தட்டுவடை செட் மடித்து வந்த காகிதத்தில்தான்
முதல் கணக்கு.
பீட்ரூட் சாறு ஊறாத மூலையில்
ஆரம் பத்து சென்டிமீட்டர்,
எடை இரண்டு கிலோ நானூறு,
நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று.
தில்ஷாத் பெருக்கிப் பார்த்து
நாலாயிரத்து எழுநூறு ஜூல் என்றான்.
கைதட்டினோம்.
பக்கத்துத் தறிக்கூடமும் சேர்ந்து தட்டுவது போலிருந்தது.

இரண்டு நாள் அந்த எண்ணோடு திரிந்தோம்.
சூரமங்கலத்தில் சிக்னலுக்குப் பைக் நின்றபோதுதான்
எனக்கு உறைத்தது.
சுழலும் தட்டுக்கு ஓர் அரை உண்டு,
ஆற்றலுக்கு இன்னோர் அரை.
ஒன்றை எழுதி ஒன்றை விழுங்கியிருக்கிறான்.
மிஞ்சியது இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

போதும் என்றான், கொஞ்சமும் வெட்கமில்லாமல்:
பதினைந்து கிலோ எதிரியை
ஐந்து மாடி உயரத்துக்குத் தூக்கும்,
எல்லாம் முழுசாய்ப் போய்ச் சேர்ந்தால்.

எங்கே போய்ச் சேர்கிறது எல்லாம்?

சகாயம் அண்ணன் லேத் பட்டறையில்
கழிவுத் தகடொன்றை எதிரியாக நிறுத்திக்
‘கொடுக்கை’ ஓடவிட்டோம்.
பொறி பறந்தது. பார்க்க அழகு.
தகடு இம்மியும் நகரவில்லை.
அதன் விளிம்பைத் தடவினேன், விரல் கீறியது.
எதிரிக்குச் சாணை பிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

அன்றிரவு மறுபடி காகிதம்.
வினாடிக்கு நூறு சுற்று, பல் இரண்டு,
ஆக இருநூறு பல் கடந்து போகிறது.
வினாடிக்கு இரண்டு மீட்டர் நாங்கள் பாய்ந்தாலும்
ஒரு பல் போய் மறுபல் வருவதற்குள்
எதிரி உள்ளே நுழைவது
மிஞ்சிப் போனால் ஒரு சென்டிமீட்டர்.
சுற்றைக் கூட்டினால் அதுவும் இல்லை.
எவ்வளவு வெறியோடு சுற்றுகிறோமோ
அவ்வளவு மேலோட்டமாய்க் கடிக்கிறோம்.

வேகத்தைக் குறை என்றேன்.
பாதியாக்கினால் ஆற்றல் கால்வாசி என்றான்.
இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம்,
ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.
டீ ஆடை கட்டியது.
பிறகு அவன், மெதுவாக,
‘ஒரு பல்லை எடுத்துட்டா?’

எடுத்தோம். அறுபது கிராம்.
ஓட்டியதும் மேசைக்கு நடுக்கம் கண்டது,
ஸ்பானர்கள் ஊர்ந்து விளிம்புக்கு வந்து
ஒவ்வொன்றாய்க் குதித்தன.
பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போன அறுபது கிராமுக்கு
ஆறு சென்டிமீட்டரில் நூறு கிராம் பதிக்க வேண்டும்.
‘தூரத்துல போனது கொஞ்சந்தான்.
பக்கத்துல இருந்து ஈடுகட்டத்தான் நிறைய வேண்டியிருக்கு.’
திருகை இறுக்கிக்கொண்டே சொன்னான்.
எதைச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை.

இன்னும் ஒரு தொல்லை:
சட்டென்று திருப்பினால்
ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது,
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில்
அவசரக்கார டிரைவர் கையில் பஸ் போல.
சுழல்வதற்கு அச்சை மாற்றப் பிடிக்காது.
அதற்குத் தீர்வில்லை. மெதுவாகத் திருப்பு
என்று மட்டும் எழுதி வைத்தோம்.

செவ்வாய் இரவு பதினொன்று.
பொறி இல்லை.
சத்தம் ஒன்றே ஒன்று.
நின்ற இடத்தில் தகட்டைக் காணோம்.
கொடுக்கும் பின்னால் பறந்து
சுவரோரம் மல்லாந்து கிடந்தது,
ஒற்றைப் பல் காற்றைக் கடித்தபடி.
கொடுத்ததை அப்படியே திருப்பி வாங்கியிருந்தது.
தில்ஷாத் முதலில் என்னைப் பார்த்தான்,
அப்புறம் மேலே.

மறுநாள் சகாயம் அண்ணனின் பில்:
பல் வெட்டியது நூற்றிருபது,
துளை நான்கு, எண்பது,
கடைசி வரியில், பேனாவை அழுத்தி,
கூரை ஷீட் ஒன்று.