காரணம் என்ற கட்டம்

முப்பந்தலில் ஆனிக் காற்று
கொஞ்சம் அசந்த விடியலில்
எண்பது மீட்டர் ஏணி ஏறி
இந்த வருடத்தின் ஏழாவது பேரிங்கைக்
கழற்றினோம், நானும் ரெஜிலினும்.
அதே இடம். அதே வெடிப்பு,
தலைமுடி கனத்தில், வெள்ளையாய்.

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்.
'தேய்மானம்' என்று எழுதி எழுதி
பேனாவுக்கே மனப்பாடம்.

பிஎச்டி அனுமதிக் கடிதத்தையும்
அங்கே உட்கார்ந்துதான் படித்தேன்.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.
உதவித்தொகை
சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு.

ஷைனி வீட்டுக்கடன் தவணையைக் கூட்டிப் பார்த்து
"அஞ்சு வருசமா?" என்றாள்.
வெகுநேரம் கழித்து,
"அது எதுக்காக்கும் வெடிக்குது?"
தெரியாது என்றேன்.
தாளைத் திருப்பி
கணக்கை முதலிலிருந்து போடத் தொடங்கினாள்.

இன்று எட்டாவது.
கட்டத்தைக் காலியாக விட்டு
கீழே கையெழுத்துப் போட்டேன்.