நூறில் தொடங்கும் முகவரி

கொட்டிலுக்கும் எனக்கும் நடுவே
நூற்றுப் பத்து மைல் மார்ச் மாதப் பனி.
பில்லிங்ஸ் மருத்துவமனையின் நான்காம் தளத்தில்
இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டு ஆர்விட் தூங்குகிறார்.
நான் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.
கொட்டிலில் கேமரா இருக்கிறது.
அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.
எனக்குத்தான் காட்டவில்லை.

எங்கள் பக்கம் கேபிள் வந்ததே இல்லை.
சமையலறை ஜன்னலில் ஒரு வெள்ளைப் பெட்டி,
குன்றின் மேல் நிற்கும் கோபுரத்தைப் பார்த்து
இணையம் பிடித்துத் தருகிறது.
வானிலை வரும், படம் வரும், கம்பளி ஏல விலை வரும்,
கேட்டதெல்லாம் வரும்.
கேட்காமல் ஒன்றும் உள்ளே வராது.

ஐந்நூற்று ஐம்பத்து நான்காம் போர்ட்டைத்
திறந்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.
மூன்று முறை சரிபார்த்தேன்.
கதவு திறந்துதான் இருக்கிறது,
அதன் முன்னால் தெருவே இல்லை.

வாடிக்கையாளர் சேவையில் டெஷான் என்றொரு பையன்.
"மேடம், ரவுட்டர் காட்டும் முகவரி நூறில் தொடங்குகிறதா?"
ஆமாம்.
"அப்படியென்றால் அது உலகத்துக்குத் தெரியாத எண்.
வெளியே தெரியும் எண்ணுக்குப் பின்னால்
உங்களைப் போல ஆயிரம் வீடுகள்.
வந்து தட்டுபவர் யாரைத் தேடி வந்தார் என்று
எங்கள் கருவிக்கே தெரியாது. கீழே போட்டுவிடும்."
பிறகு, எழுதி வைத்ததை வாசிக்கிறவன் போல:
"உங்கள் பாதுகாப்புக்கும்தான்.
இல்லாவிட்டால், திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி…"
எங்கள் நாய் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது என்றேன்.
பாவம், சிரிக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சாலை முனையில், ஒரே பலகையில்
ஐந்து குடும்பங்களின் தபால்பெட்டிகள்.
எங்கள் பெட்டியில் பெயரின் பாதி உரிந்துபோய்விட்டது.
இருந்தும் ஒரு கடிதம் தவறியதில்லை.
இதை டெஷானிடம் சொல்லவில்லை.
அவன் என்ன செய்வான்?

இரவு பதினொன்றுக்குக் கோரின் பெல்டியேயைக் கூப்பிட்டேன்.
பள்ளியில் கணினி பார்த்துக்கொள்பவள், ஏழு மைல் தள்ளி.
"வெளியே நின்று தட்டாதே," என்றாள்.
"உள்ளே இருப்பது உன்னைக் கூப்பிடட்டும்."
பழைய லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொண்டு
பனியைத் தள்ளித் தள்ளி வண்டி ஓட்டிப் போனாள்.
எங்கோ ஒஹையோவில் வாடகைக்கு எடுத்த கணினிக்கு
இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை
எங்கள் கொட்டில் இனி
இருக்கிறேன், இருக்கிறேன் என்று சொல்லும்.
அந்தக் குரல் போன வழியிலேயே
நான் திரும்பி நுழையலாம்.

ஒன்றரை மணி நேரம் கடவுச்சொல்லும் கேபிளுமாய்ப் பேசினோம்.
அவள் கொட்டிலுக்குள்தான் நிற்கிறாள்,
ஆடு எப்படி இருக்கிறது என்று கேட்கலாமே என
இருவருக்கும் தோன்றவில்லை.

படம் வந்தபோது
கோரினின் முதுகு தெரிந்தது. சட்டைக்கை தோள்வரை சுருட்டியிருந்தது.
இருநூற்றுப் பதினான்காம் ஆட்டின் பின்னால் மண்டியிட்டிருந்தாள்.
படம் நான்கு விநாடி பிந்தி ஓடியது.
போனில் முதலில் அவள் சிரிப்பு வந்தது,
குட்டி அதற்குப் பிறகுதான் பிறந்தது.

ஆர்விட் கண் திறந்து, "எத்தனை?" என்றார்.
ஒன்று என்றேன்.
போனில் கோரின், "இரண்டு" என்றாள்.