மூன்றாவது மணி

இரவு ஒன்றரைக்கு நாலாம் தடவை எழுந்து
குளியலறை லயிற்றைப் போட்டால்
வாளிக்குப் பக்கத்தில் தேரை.
ஈரச் சீமெந்தில் அடிவயிற்றை அப்பி
பின்னங்கால்களை அகட்டி
தரையில் ஒட்டுப் போட்டது மாதிரி இருக்கிறது.

நான் போத்தலை அண்ணாந்து முடிக்கிறேன்.
அது வாயைத் திறக்கவேயில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று
பத்தாம் ஆண்டில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினவள் நான்.
அந்த வாயால் அது தண்ணீர் குடிப்பதில்லை என்று
அப்போது யாரும் சொல்லவில்லை.

பிறகு நானே சொன்னேன், பதினொரு வருடம்,
வந்தாறுமூலையில், செய்முறை வகுப்பில்.
ஒரு தேரை, ஒரு முகவை, ஒரு தராசு.
ஊசிக்கு முன் அறுபத்திரண்டு கிராம்.
ஒரு மணித்தியாலம் கழித்து அறுபத்தெட்டு.
"மிஸ், இந்த ஆறு கிராம் எதால உள்ள போனது?"
சித்தாண்டியிலிருந்து வரும் கோபிதா கேட்டாள்.

தோலால். இடுப்புக்குக் கீழே, அந்த மெல்லிய இடத்தால்.
கபச்சுரப்பியின் பின்மடல் துளியளவு சுரக்கும்;
கலங்களில் நீருக்கு மட்டுமான கதவுகள் திறக்கும்;
சிறுநீரகம் கையைச் சுருக்கிக்கொள்ளும்;
பையில் கிடப்பதுகூட இரத்தத்துக்குத் திரும்பும்.
வெண்கட்டியால் அம்புக்குறிகள் போட்டேன்.

கோபிதா தூக்கினாள். தேரை
அவளின் வெள்ளைக் கோட்டில் பெய்தது.
வகுப்பே சிரித்தது. நானும்தான்.
கச்சான் வீசும் மாதங்களுக்கென்று
கட்டி வைத்த குளத்தை
ஒரு பயத்தில் உடைத்துவிட்டதே என்று
எனக்குத் தோன்றவில்லை.

மார்கழி மழையில், செங்கலடிக்கு இப்பால்
ஸ்கூட்டி சரிந்தது.
தலைக்கவசம் போட்டிருந்தேன். எலும்பு ஒன்றும் உடையவில்லை.
மூளைக்கும் அந்தச் சுரப்பிக்கும் நடுவில் ஒரு காம்பு,
வெங்காயத்தாளைவிட மெல்லியது,
அது மட்டும்.

"சீனி இல்லை. ஆனாலும் நீரிழிவு"
என்றார் டொக்டர் முஃபாரிஸ்.
பெயரைப் பிரித்துப் பார்த்தேன்.
நீர். இழிவு. இழிதல் என்றால் இறங்குதல்.
ஒரு நாளைக்கு ஒன்பது லீற்றர் இறங்கியது.
ஏறாவூர் தாண்டுமுன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி
கொண்டக்டரிடம் கெஞ்சினேன்.
தேரை மோந்த தேங்காய் மாதிரி வத்திப் போனாய் என்றா
பக்கத்து வீட்டு நேசம் அக்கா.

மருந்து இருக்கிறது. மூக்குக்குள் ஒரு விசிறல்,
எட்டு மணித்தியால நித்திரை.
இந்தக் கிழமை ஆஸ்பத்திரியில் இல்லையாம்.
கல்முனையில் கேட்கட்டாம்.
விடிந்ததும் யோகன் போவான்.

ஆவணி. கிணறு கடைசி உறைக்கு இறங்கிவிட்டது.
நானும் தேரையும் இருக்கிறோம்.
அதற்குள் ஓடும் ஓமோனும் எனக்குள் ஓடாததும்
ஒன்பது மணி கோத்த ஒரே மாலைதான்.
மூன்றாவது மணி மட்டும் வேறு.
பரீட்சைக்கு எத்தனை தரம் கேட்டிருப்பேன் இதை,
இரண்டு புள்ளிக்கு.

தூக்கவில்லை. விளக்குமாறை எடுக்கவில்லை.
போத்தலின் அடியில் மிஞ்சியதை
அதன் வயிற்றோரம் மெல்லச் சரித்தேன்.
கொஞ்சம் நகர்ந்து, அந்த ஈரத்தின் மேல்
இன்னும் பரந்து அமர்ந்தது.
தராசு இல்லை.
எத்தனை கிராம் என்று தெரியாது.

நாலு மணிக்கு மறுபடி வந்தேன்.
ஆளைக் காணோம்.
நனைந்த சீமெந்தின் நடுவில்
ஒரு தேரை அகலத்துக்கு
காய்ந்த இடம்.