ஏழு மணிக்குப் பதினொன்று

எங்கள் நாட்டில் மாலைத் தேநீருக்குப் பதினொன்று என்று பெயர்.
ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
நாங்கள் அதை ஏழு மணிக்குக் குடிக்கிறோம்.
ஏழு ஐந்துக்குத் தொலைபேசி அடிக்கும்:
இக்கீக்கேயிலிருந்து என் கொழுந்தியாள் நோல்ஃபா.

எல்சிரா ரொட்டியைக் கீழே வைக்கமாட்டாள்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு
வெண்ணெய் தடவியபடியே பேசுவாள்.
எனக்குக் கேட்பது இந்தப் பக்கம் மட்டும்.

"பருப்புதான். திங்கட்கிழமை வேற என்ன?
இல்ல, தொத்திறைச்சி போடல. இவருக்குத்தான் ரத்தக்கொதிப்பே.
ம்.
ம்ம்.
அப்படியா சொன்னா, அவ வாயாலயே?
நீ என்ன செஞ்சே?
கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு டப்பா மீனா!"

பிறகு வானிலை.
அங்கே மழை என்பது தொலைக்காட்சியில் மட்டும் வருவது.
வாழ்க்கைப்பட்டுப் போய் முப்பத்தோரு வருடம்,
வால்டிவியாவிலிருந்து கொண்டுபோன குடை
இன்னும் பிரிக்காத உறையோடு அலமாரியில் நிற்கிறதாம்.
இங்கேயோ கட்டிலுக்கடியில் விட்ட செருப்பில்
ஒரே வாரத்தில் பூசணம் பூக்கும்.

"பெய்யுதா?" என்று கேட்பாள் போல.
"பெய்யாம?" என்பாள் இவள்.
நேற்று சாரல், முந்தாநாள் அடைமழை,
மழை விட்டும் தூவானம் விடாத நாட்கள் கணக்கில்லை.
ஜன்னலைத் திறந்து
போனை வெளியே நீட்டிப் பிடிப்பாள்.
ஒரு நிமிடம். இரண்டு.
கணப்பின் சூடெல்லாம் தெருவுக்குப் போகும்.
விறகு விற்கும் விலை என் நாக்கு நுனிவரை வந்து
தேநீரோடு உள்ளே போய்விடும்.

எட்டு மணிக்குத் தொடர். போனை வைக்காமலே பார்ப்பார்கள்.
என்ன கோளாறோ, அந்த ஊர்ப் படம்
எங்களுக்கு ஒரு மூச்சு முந்தி ஓடுகிறது.
நோல்ஃபாவின் "ஐயோ" முதலில் வரும்,
அப்புறம்தான் இங்கே டாக்டர் மயங்கி விழுவார்.

இந்தப் பிப்ரவரியில் பத்தொன்பது நாள் வானம் பொய்த்தது.
ஆற்றங்கரை மீன்சந்தையில் கடல்சிங்கங்கள்கூட
நிழல் தேடிப் படுத்திருந்தன.
அந்த வாரம்தான் நோல்ஃபா படியில் வழுக்கி
காலில் கட்டோடு கிடந்தாள்.
ஏழு ஐந்து.
"வலிக்குதா? பொய் சொல்லாத.
யாரு சமைக்கிறா? அவனா! உப்பு எங்க இருக்குன்னாவது தெரியுமா?"
பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.
எல்சிரா ஜன்னலைப் பார்த்தாள்.
வெயில், வெட்கமில்லாமல், இன்னும் கூரைமேல்.
"பெய்யுது," என்றாள். "இரு."

சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே.
மதியமே பூசணி வேகவைத்து, மாவோடு பிசைந்து,
வட்டம் வட்டமாகத் தட்டி, துணி போர்த்தி வைத்திருந்தாள்.
சோபாய்ப்பியா மழை நாளைக்கான பண்டம்.
வெயிலில் அதைச் சுடுவது
கல்யாண வீட்டில் ஒப்பாரி வைப்பதுபோல.
ஏனென்று நான் கேட்கவுமில்லை,
எண்ணெய் எப்போது காய்ந்தது என்று கவனிக்கவுமில்லை.

ஒன்றைப் போட்டாள். இன்னொன்று.
வாணலிக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் பிடித்த போன்.
சடசடவென்று தகரக் கூரையில் இறங்கியது,
பிறகு சீராக, பிறகு அடங்கி,
நாலாவது விழுந்ததும் மறுபடி வலுத்து.
கையில் எண்ணெய் தெறித்தபோதும்
வாயைத் திறக்கவில்லை அவள்.

போனைக் காதுக்குக் கொண்டுபோனாள்.
கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.
அப்புறம் சிரிப்பு, அடக்கப் பார்த்து முடியாமல்,
முன்றானை போல ஏப்ரனை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு.
"என்னவாம்?" என்றேன்.
"எத்தனை சுட்டேன்னு கேக்குறா."

கருகியது என் தட்டுக்கு வந்தது. வழக்கம்தான்.
எட்டு மணி. தொடர்.
உப்பைக் குறைக்கச் சொன்ன வைத்தியரை நினைக்காமல்
மிளகாய்த் துவையலைத் தொட்டுக்கொண்டிருந்தபோது
இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து
"ஐயோ" என்றாள் நோல்ஃபா.

நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம்.
இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.