இருநூற்றுப் பன்னிரண்டாவது பிரேம்

கல்வர் சிட்டியில் பழைய டயர் கிடங்கொன்றில்
நான்கு கணினிகளோடு தொடங்கினான் டுவைன் ஹாலரன்.
ஏழாம் ஆண்டில் அறுநூறு நாற்காலிகள்,
வரவேற்பறையில் ஒரு டைனோசர் முட்டை,
இலவசக் காப்பி.

ரெனாட்டாவின் வேலை கடல்.
ஓர் அலை எழுந்து மடங்க
இயந்திரங்களுக்குப் பத்தொன்பது இரவு.
"நுரை இன்னும் கொஞ்சம் கோபமாக" என்பார் இயக்குநர்.
மறுபடி பத்தொன்பது.
கோபத்துக்குத் தனிக் கூலி ஒப்பந்தத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை
மின்கட்டணம் கட்டாத கட்டடத்தில்
விசிறிகள் ஒவ்வொன்றாய் நின்றன.
டுவைன் பேச வந்தான்,
மைக் வேலை செய்யவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாவது பிரேமில்
கப்பலுக்கு மேலே
அலை இன்னும் நிற்கிறது.
மாலுமிகள் தப்பித்தார்கள்.

ரெனாட்டா அட்டைப்பெட்டியில் கள்ளிச்செடியை வைத்தாள்.
கோப்பையைக் கழுவக் குழாயைத் திறந்தாள்.
யாரும் கணக்கிடாமல்
தண்ணீர்
சரியாக விழுந்தது.